பெரியப்பாவின் ஆறு கிலோமீட்டர்

ஜூலை 11, வியாழன் இரவு. சென்னை

ஏழரை மணி இருக்கும், செங்கோட்டையிலிருந்து அண்ணன் போன். "அப்பா போயிட்டாவடே" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு வயது 77. சாயந்திரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது, கொஞ்சம் சீரகத் தண்ணி போடு என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பெரியம்மா கொதிக்க வைத்து ஆற்றிக் கொண்டு வருவதற்குள், கட்டிலில் சாய்ந்த வாக்கிலேயே முடிந்துவிட்டது.

செங்கோட்டை வண்டி எழும்பூரை விட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது, நான் இருப்பதோ ஆவடியில். அப்படியே ஓடிப் பிடித்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது, குற்றாலத்தில் சாரல் சீசன், வார இறுதி வேறு. சரி என்று கிளாம்பாக்கம் போய் ஒரு ஆம்னி பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். 1,600 ரூபாய். 39 வருஷம் ரயில்வேயில் இருந்த மனிதரின் சாவுக்கு பஸ்ஸில் போகிறோமே என்று உறுத்தியது. அவர் இருந்திருந்தால், "பஸ்ஸுங்கது ஒரு வண்டியாடே" என்றுதான் கேட்டிருப்பார்.

ஜூலை 12, வெள்ளி. துவரங்குறிச்சி, பிறகு செங்கோட்டை

அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அதிகாலை மூன்றரைக்கு, துவரங்குறிச்சியைத் தாண்டி, பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பெல்ட் அறுந்துவிட்டது என்றார்கள், அப்புறம் பெல்ட் இல்லை வேறு ஏதோ என்றார்கள், மாற்று பஸ் மதுரையிலிருந்து வருகிறது என்றார்கள். வந்தபோது மணி ஏழே முக்கால். நாலு மணி நேரம் ரோட்டோரம் கொசுக்கடி. பக்கத்து சீட்டில் வந்த ஒரு ஆச்சி, ராஜபாளையம் போகிறவர், எதற்குப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். உடனே பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்துக் கையில் திணித்து, "வெறும் வயித்தோட துட்டி வீட்டுக்குள்ள போகாத தம்பி, அங்க ஒரு வாய் தண்ணி குடிக்கவே பொழுதாயிரும்" என்றார். அந்தப் பழம் இல்லையென்றால் அன்றைக்கு நான் விழுந்திருப்பேன். வழியில் பஸ்காரர்கள் நிறுத்திய இடத்தில் டீ 25 ரூபாய். வெந்நீரில் பால் பவுடரைக் காட்டிவிட்டு எடுத்திருந்தார்கள்.

செங்கோட்டையில் இறங்கும்போது மணி இரண்டே கால். சாரல் இல்லை, ஆனால் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குடையை விரித்தேன், ஒரே நொடியில் அது புனல் மாதிரி மேல்பக்கம் திரும்பிக்கொண்டது. அந்தக் குடையோடு தெருமுனையில் திரும்பியபோது பந்தலடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மழை கொஞ்சம் வெறித்திருக்கிறது. இதை விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துவிட்டார்கள். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. அண்ணன் மொட்டைத் தலையோடு வந்து என் தோளில் கை போட்டு, "உனக்காவ முக்கா மணி நேரம் பாத்தோம்டே" என்றான். முக்கால் மணி நேரம் தாமதம் என்பது பெரியப்பா வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

வீடு கழுவி விட்டிருந்தார்கள். கடுங்காப்பி கொடுத்தார்கள், கருப்பட்டி போட்டது, தொண்டையில் இறங்கியபோதுதான் அழுகை வந்தது.

சாயந்திரம் ஒரு கூத்து நடந்தது. பெரியம்மா திடீரென்று, "கட்டிலுக்கடியில இருந்த சாவி எங்க?" என்று கேட்டார். பீரோ சாவி என்று நினைத்து வீடே பரபரத்தது. மதினி தன் இடுப்பிலிருந்த கொத்தைக் காட்டினாள், அக்கா பூஜை அறையில் தேடினாள், மருமகன்மார் தோசைக்கல் அடுக்கி வைத்திருந்த பெஞ்சைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். பெரியம்மா எல்லாவற்றுக்கும் "இது இல்ல, இது இல்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் கூட்டாளி, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற ரிட்டயர்டு பாயிண்ட்ஸ்மேன், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், திண்ணையில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, "ஏ, அவ கேக்கது பூட்டுச் சாவி இல்லப்பா, ரயிலு சாவி" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேர் சிரித்தார்கள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பெரியப்பா கீமேன். சின்ன வயதில் நான் அதை சாவிக்காரர் என்று புரிந்துகொண்டு, ரயில் கதவுகளையெல்லாம் காலையில் திறந்துவிடுகிறவர் போல என்று நினைத்து, வகுப்பில் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அவரிடம் ஒரு சாவிக்கொத்தும் இருந்ததில்லை. அவர் சாவி என்று சொன்னது உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும் ஒரு இரும்பு ஆப்பு. ஒரு முனை தடிமன், மறுமுனை ஒல்லி. அந்தக் காலத்து மீட்டர் கேஜ், அதாவது குறுகலான பாதையில், தண்டவாளத்தை அடியில் குறுக்கே கிடக்கிற இரும்பு ஸ்லீப்பரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது அதுதான். வண்டி ஓட ஓட அதிர்ச்சியில் அது நழுவும். நழுவினதை அடித்து உள்ளே ஏற்றுவது கீமேன் வேலை. இன்றைக்கு கான்கிரீட் ஸ்லீப்பரும் சுருள் மாதிரி வளைந்த கிளிப்பும் வந்துவிட்டன, கீமேன் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ரிட்டயர் ஆனபோது சுத்தியல், ஸ்பேனர், கொடி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்துவிட்டார். 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்திப் பாதையைப் பெயர்த்தபோது எங்கோ கிடந்த ஒரே ஒரு சாவியை எடுத்து வந்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்குக் கீழே வைத்தார். அரசாங்கச் சொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அதையும் உபயோகத்துக்குத்தான் வைத்தார், நினைவுப் பொருள் அது இது என்றெல்லாம் சொன்னதில்லை.

வீடு கழுவக் கட்டிலை நகர்த்தியபோது அது எங்கோ போய்விட்டது. ராத்திரி பத்து மணி வரை தேடினோம். கிடைக்கவில்லை.

ஜூலை 13, சனி. பாபநாசம்

காலையில் காடாத்து. அஸ்தியோடு பாபநாசம் போய் வந்தோம். தாமிரபரணியில் தண்ணீர் கலங்கி ஓடியது, படித்துறையில் நிற்கவே பயம். பூசை செய்தவர் முதலில் கேட்ட தொகையில் பாதிக்கு இறங்கி வந்தார், அப்புறம் அந்தப் பாதியையும் வாங்கிக்கொண்டு பேத்திக்கு வாழைப்பழம் கொடுத்தார். பாங்க் வேலையை இன்றே முடிக்கலாம் என்று அண்ணன் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தினான், இரண்டாம் சனி, பூட்டு தொங்கியது. சாயந்திரம் முழுக்க மழை, தூக்கம்.

ஜூலை 14, ஞாயிறு. பகவதிபுரம், தென்மலை

துட்டி கேட்க வருகிற கூட்டம் ஓயவில்லை. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போற, வா, உங்க பெரியப்பன் லென்த்தைக் காட்டுதேன்" என்றார். லென்த் என்றால் பாதையைப் பராமரிக்கிற ஒரு கேங்குக்கு, அதாவது ஆட்கள் குழுவுக்கு, ஒதுக்கிய பாதை, சுமார் ஆறு கிலோமீட்டர். 74 வயதில் அவர் ஸ்டேஷன் படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறினார்.

வழியில் பிரானூர் பார்டர். ரோட்டோரம் கல்லில் பரோட்டா தட்டுகிற சத்தமும் கோழி வறுக்கிற வாசனையும் காற்றோடு வந்து முகத்தில் அடித்தன. பதினாறாம் நாள் வரைக்கும் கவிச்சி கூடாது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கடந்தோம். அடுத்த கடையில் டீ குடித்தோம், 12 ரூபாய், நல்ல டீ. "உங்க பெரியப்பன் இருந்தா, செத்தவனுக்குத் தெரியவா போவுது, ரெண்டைப் பிச்சுப் போடுன்னு சொல்லுவான்" என்றார் மாமா. ஆனாலும் போடவில்லை.

செங்கோட்டைக்கு அடுத்து பகவதிபுரம், தமிழ்நாட்டுப் பக்கத்தின் கடைசி ஸ்டேஷன். அதற்கப்புறம் நீளமான குகை, அதைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. பாதை திறந்தது 1904இல். ஊரே அன்றைக்கு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது, 1956இல்தான் இந்தப் பக்கம் வந்தது. மாமா சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை: 1947இல் பெரியப்பா பிறந்தது திருவிதாங்கூரில், கல்யாணம் ஆனது திருநெல்வேலி மாவட்டத்தில், செத்தது தென்காசி மாவட்டத்தில். ஊரை விட்டு அவர் நகரவே இல்லை.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டோம். வண்டி ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும், அதனால் மாமாவுக்குக் கதை சொல்ல வசதி. கீமேனின் நாள் இப்படி: விடிந்ததும் லென்த்தின் ஒரு முனையில் ஆரம்பித்து, ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மறுமுனைக்கு நடப்பது. திரும்பும்போது அடுத்த தண்டவாளம். தோளில் சுத்தியல், ஸ்பேனர், இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, பைக்குள் டெட்டனேட்டர், ஆபத்து என்றால் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டுகிற வெடி. ஆறும் ஆறும் பன்னிரண்டு கிலோமீட்டர். 22 வருஷம் கீமேனாக இருந்தார். வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்து போனில் கணக்குப் போட்டேன், 79,200 கிலோமீட்டர். பூமியைச் சுற்றி வர 40,000 என்றால் ஏறக்குறைய இரண்டு சுற்று. மாமாவிடம் சொன்னேன். "அவன்ட்ட சொல்லாம போயிட்டியே, சந்தோஷப்பட்டிருப்பான்" என்றார். அப்புறம், "இல்ல, அலவன்ஸ் கேட்டிருப்பான்" என்று திருத்திக்கொண்டார்.

"கண்ணால பாக்கதை விட காதுதான் முக்கியம்" என்று மாமா சொன்னது எனக்குப் புதுசு. இறுகி இருக்கிற சாவியில் சுத்தியல் பட்டால் 'டங்'கென்று துள்ளும். தளர்ந்திருந்தால் 'தொப்'பென்று செத்த சத்தம் வரும். மார்கழிக் குளிரில் தண்டவாளம் சுருங்கும், விரிசல் விட்டால் அப்போதுதான் விடும், அதனால் அந்த மாசத்து விடிகாலையில் பெரியப்பா யாரோடும் பேசிக்கொண்டு நடக்க மாட்டாராம். பெரியப்பா ஏன் வீட்டிலும் அப்படி உம்மென்று இருந்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் நாற்பது வருஷமாகப் பல காரணம் சொல்வார்கள். இதை யாரும் சொன்னதில்லை.

குகைக்கு முன்னால் ஒரு வளைவில் மாமா ஜன்னல் கம்பியைத் தட்டினார். "இங்கதான். மண்ணாங்கட்டி."

அது ஊருக்கே தெரிந்த கதை, எனக்கு மட்டும் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. கீமேன் ஆவதற்கு முன்னால், ஒரு ஐப்பசி ராத்திரி, பெரியப்பா மழைக்கால பேட்ரோல். அதாவது கையில் விளக்கோடு இருட்டில் நடக்க வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற பேட்ரோல்மேனைச் சந்தித்து நோட்டுப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அந்த நோட்டுதான் இரண்டு பேரும் முழுத் தூரம் நடந்ததற்கு அத்தாட்சி. அன்றைக்கு வளைவில் மேட்டிலிருந்து மண் சரிந்து தண்டவாளத்தின் மேல் கிடந்திருக்கிறது. எவ்வளவு என்று மழையில் தெரியவில்லை. மெயில் வண்டி வருகிற நேரம். மீட்டர் கேஜுக்கு விதி என்னவென்றால் தடங்கலிலிருந்து 400 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. பெரியப்பா செருப்பில்லாமல் ஜல்லியில் 800 மீட்டர் ஓடி மூன்றையும் கட்டினார். இன்ஜின் சக்கரம் ஏறி மூன்று வெடியும் வெடித்தது, டிரைவர் வண்டியை நிறுத்தினார். கொடைக்கானல் பஸ் மாதிரி ஜன்னலெல்லாம் தலை.

எல்லோரும் இறங்கி விளக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், இரண்டு கூடை மண். இன்ஜின் முன்னால் இருக்கிற தகடே அதை ஒதுக்கித் தள்ளியிருக்கும். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, காலால் கொஞ்சம் மண்ணை எத்திவிட்டு ஏறிப் போய்விட்டார். வண்டி லேட்டானதற்குப் பெரியப்பா விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும் வரை கேங்கில் அவர் பெயர் மண்ணாங்கட்டி.

"கோவப்படலியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அடுத்த வருசமும் ஒருக்கா நிப்பாட்டினானே. அதுவும் மண்ணாங்கட்டிதான்."

குகைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது, உள்ளே சத்தத்தில் எதுவும் கேட்காது. வெளியே வந்ததும் மாமா விட்ட இடத்திலிருந்து தொடராமல் 1974க்குப் போய்விட்டார். அந்த வருஷம் மே 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக், இருபது நாள் நடந்தது. இரண்டு பேரும் கலந்துகொண்டார்கள், இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிப் பாத்திரத்தை வாசலில் எடுத்து வைத்தார்கள். பெரியப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார், பெரியம்மா கம்மலை விற்றார். திரும்ப வேலைக்கு எடுக்கிற வரைக்கும் பெரியப்பா செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு மாமா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்: வேலை போன பிறகும் சாயந்திரம் மில் முடிந்து வந்து பாதையோரம் ஒரு நடை போவாராம். சாவியை யாரும் ஒழுங்காக அடிப்பதில்லை என்று இவரிடம் வந்து புலம்புவாராம்.

தென்மலையில் இறங்கினோம். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தை மழைக்குள் பார்த்தது பார்த்தமாதிரி இல்லை. அகலப் பாதைக்காகக் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தியிருக்கிறார்கள், பழைய கருங்கல் அழகு குறைந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு, "அழகுக்கா வண்டி ஓட்டுதாவ" என்றார் மாமா. 2018இல் இந்தப் பாதையில் மறுபடி வண்டி விட்டபோது பெரியப்பாவை அழைத்துவந்திருக்கிறார். முழுத் தூரமும் அவர் பாலத்தையோ மலையையோ பார்க்கவில்லையாம், ஜல்லியையே பார்த்துக்கொண்டு வந்தாராம். நம்பத்தான் வேண்டும். ரிட்டயர் ஆனவர்களுக்கான பாஸில் பெரியம்மாவோடு ஒரு தடவை காசிக்குப் போய் வந்தார், கங்கை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு மொகல்சராய் யார்டு எவ்வளவு பெரிசு என்று அரை மணி நேரம் சொன்னவர் அவர்.

பழம்பொரி சாப்பிட்டோம், ஆளுக்கு இரண்டு. கடைக்கார சேச்சி மாமாவின் வேட்டி நனைந்திருப்பதைப் பார்த்து அடுப்புப் பக்கமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டார், கேட்காமலே.

திரும்பும்போது பகவதிபுரத்தில் வண்டி கிராசிங்குக்காக நின்றது. மழைக்கோட்டுப் போட்ட ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம், தோளில் சுத்தியலோடு பாதையோரம் ஒதுங்கி நின்றான். அவன் எங்கே நடக்கிறான் என்று காட்டுகிற ஜி.பி.எஸ். கருவி இப்போது கையிலேயே இருக்கிறதாம், நோட்டு மாற்றுகிற வேலை குறைந்துவிட்டது. மாமா ஜன்னல் வழியாக, "தம்பி, அந்த வளைவுல மேட்டுப்பக்கம் பாத்துக்கோ, மண்ணு எறங்கும்" என்று கத்தினார். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. கையை மட்டும் தூக்கினான்.

ஜூலை 15, திங்கள். செங்கோட்டை

பாங்க். கூட்டம், ஆனால் கவுண்டரில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விஷயம் எளிது என்றார்: இறந்த நாள் வரைக்கும் அவர் பென்ஷன், மறுநாளிலிருந்து பெரியம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். நகராட்சியிலிருந்து இறப்புச் சான்றிதழ் வந்ததும் மனுவோடு கொடுத்தால் போதும். எளிது என்று அவர் சொன்னதுமே எனக்குச் சந்தேகம். ஆமாம், பென்ஷன் ஆர்டரில் பெரியம்மா பெயரில் ஒரு எழுத்து கூடுதல், ஆதாரில் அது இல்லை. அந்த ஒரு எழுத்துக்கு இன்னும் எத்தனை நடை என்று தெரியவில்லை, அண்ணன்தான் நடக்க வேண்டும்.

ஆர்டரோடு ஒட்டியிருந்த ஜோடி போட்டோவை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தான். 2007இல் எடுத்தது. பெரியப்பா காமிராவை முறைக்கிறார், பெரியம்மா போட்டோக்காரர் சொன்ன திசைக்கு நேர் எதிராகப் பார்க்கிறார்.

"எண்பது ஆனா இருபது பர்சன்ட் கூட வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ" என்றான். நிஜம்தான், 80 வயது முடிந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும். பெரியப்பா அதை ஒரு சீட்டு முதிர்கிற மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். போன பொங்கலுக்கு என்னிடமே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மூன்று வருஷம் பாக்கி.

வீட்டுக்கு வந்தால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக் காற்றில் பந்தல் கால் ஒன்று ஆடியிருக்கிறது. குழிக்குள் சக்கை கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்த பந்தல்கார அண்ணாச்சி, முற்றத்தில் கிடந்த ஒரு இரும்புத் துண்டை எடுத்து, காலுக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்து அடித்து இறுக்கியிருக்கிறார். மூன்று நாள் சாரலுக்கும் அந்தக் காற்றுக்கும் அந்தக் கால் மட்டும் அசையவில்லை. இப்போது பிடுங்க முடியாமல் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மண்ணைத் தட்டிவிட்டு, "இது உங்களுதா? நல்ல சக்கை" என்று என்னிடம் நீட்டினார்.

பெரியம்மா அதை வாங்கிக் குழாயடியில் கழுவினார். முந்தானையில் துடைத்தார். தடிமனான முனையில் சுத்தியல் பட்டுப் பட்டு இரும்பு காளான் குடை மாதிரி விரிந்திருந்தது, அதன் ஓரத்தில் பந்தல்காரர் அடித்த புது அடி மட்டும் பளபளவென்று தெரிந்தது. உள்ளே போய்க் குனிந்து கட்டில் காலுக்கடியில் வைத்தார், எந்த முனை உள்ளே போக வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. கட்டிலை ஒரு தடவை பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு. வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.